எப்பத்தா, எம்பத்தா?

போன இதழில், ஒரு காது மட்டும் கேளாத வாசகி ஒருவருக்கு நாலு வரி பதில் எழுதியிருந்தேன். எனக்கும் வலது காது கேட்காது என்று அதில் சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து பொம்மசந்திரா, ஹெப்பகோடி, சந்தாபுரா, அத்திப்பள்ளி, ஓசூர் என்று இந்த நெடுஞ்சாலை நெடுகக் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் காதில் ஏதோ ஒன்று, பார்த்தால் தெரியாத ஒன்று. எல்லோரும் சொல்லி அழும் இடம் மட்டும் ஒன்றுதான்: கடை. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அவர்களுக்கு.

கே: முப்பது வருஷம் லேத், அப்புறம் பிரஸ் ஷாப். வீட்டில் பேசினால் எனக்குப் புரிகிறது. கடைக்குள் போனால் யார் என்ன சொல்கிறார்கள் என்று பிடிபடவே மாட்டேன் என்கிறது. "வேணும்னே கேக்காத மாதிரி நடிக்கிறார்" என்கிறாள் மனைவி. நான் நடிக்கிறேனா?
— ஓய்வுபெற்ற தொழிலாளி, பொம்மசந்திரா

ப: இல்லை. "சத்தம் கேக்குது, வார்த்தை புரியல" என்பது காது பரிசோதகர்கள் தினமும் கேட்கிற வாக்கியம். இயந்திர இரைச்சலில் உழைத்த காது முதலில் இழப்பது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்து உயர்ந்த ஒலிகளை. பேச்சில் அ, ஆ, ஓ எல்லாம் தாழ்ந்த அதிர்வெண்ணில் கனமாக வரும். ச, ஸ், த, க போன்றவை உயரத்தில் மெல்லிசாக வரும். உங்கள் காதுக்கு உயிர் வந்து சேர்கிறது, மெய் வரவில்லை. வீட்டில் பழகிய குரல், தெரிந்த விஷயம், அமைதியான கூடம். விட்டுப்போன மெய்யெழுத்தை மனசே போட்டு நிரப்பிக்கொள்கிறது. கடையில் குளிர்பெட்டி உறுமுகிறது, டிராலி உருள்கிறது, மேலே பாட்டு ஓடுகிறது. அதற்கு நடுவே மனசு எதை வைத்து நிரப்பும்?

செவித்திறன் பரிசோதனை செய்து, ஆடியோகிராம் என்ற வரைபடத்தை வாங்குங்கள். 4,000 ஹெர்ட்ஸ் அருகில் கோடு பள்ளத்தில் விழுந்திருந்தால் அந்தத் தாளை மனைவியிடம் காட்டுங்கள். இன்னொரு வேலையும் இருக்கிறது. நீங்கள் வேலை பார்த்த காலத்தில், இரைச்சலால் வரும் கேளாமை 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருந்தது. இ.எஸ்.ஐ. சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலிலும் இருந்தது. ஓய்வு பெற்றுவிட்டோமே என்று விட்டுவிடாமல் இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

கே: பில் கவுண்டரில் என்ன கேட்டாலும் "ம்" என்று தலையாட்டிவிடுகிறேன். இந்தப் பழக்கத்தை எப்படி விடுவது?
— தனியார் அலுவலக ஊழியர், எலக்ட்ரானிக் சிட்டி

ப: தலையாட்டியதால் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வீட்டருகே ஒரு மளிகைக் கடை. கல்லாவில் ஒரு பையன், வாயில் மாஸ்க். "எம்பத்து" என்றான். எனக்கு "எப்பத்து" என்று விழுந்தது. கன்னடத்தில் எப்பத்து என்றால் எழுபது, எம்பத்து என்றால் எண்பது. நம் எழுபதும் எண்பதும் போலவே இவையும் ஒட்டிப் பிறந்தவை. தலையாட்டி எழுபது ரூபாயை வைத்துவிட்டு நடந்தேன். அவன் பின்னால் கூப்பிட்டிருக்கிறான், என் வலப்பக்கமிருந்து. தெருவுக்கு ஓடி வந்து தோளைத் தொட்டபோதுதான் திரும்பினேன். டீக்கடை வாசலில் நின்ற நாலு பேர் என்னையே பார்த்தார்கள். பத்து ரூபாய்க்காகக் கிழவி நழுவப் பார்த்தாள் என்பது அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது.

அன்றைக்கு மாஸ்க் இல்லாமலிருந்தாலும் எனக்கு உதவியிருக்காது. ப, ப்ப, ம்ப எல்லாவற்றுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். பட்டையும் மட்டையும் உதட்டில் ஒன்றுதான். உதட்டைப் படிப்பவர்களை உலகம் முழுக்க ஏமாற்றும் எழுத்துகள் இவை.

அந்த நாளுக்குப் பிறகு ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டேன். கல்லாவுக்கு வந்ததும், அவர்கள் வாயைத் திறக்கும் முன் நான் சொல்லிவிடுகிறேன்: "ஈ கிவி கேள்சல்ல, முக நோடி ஹேளி." இந்தக் காது கேட்காது, முகம் பார்த்துச் சொல்லுங்கள். இந்தியில் பேசும் பிள்ளைகளிடம், "இஸ் கான் ஸே சுனாயி நஹீ தேத்தா." சொன்ன மறுநொடி அவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பாதி வேலை அந்தப் பார்வையிலேயே முடிந்துவிடும்.

"எனக்குக் காதில் கொஞ்சம் பிரச்சினை" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைக் கேட்டவர் "ஓ" என்று பரிதாபப்படுவார், அடுத்த வாக்கியத்தை அதே வேகத்தில் பேசுவார். என்ன செய்ய வேண்டும் என்பதும் உங்கள் வாக்கியத்தில் இருக்கட்டும்.

கே: இந்த ஊரில் யார் எந்த மொழியில் பேசுவார்கள் என்றே தெரிவதில்லை. எனக்கு அதுவே பாதிக் கஷ்டம். உங்களுக்கும் அப்படியா?
— குடும்பத் தலைவி, ஹெப்பகோடி

ப: மிகச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். பழுதுபட்ட காது கேட்பதை விட ஊகிப்பதே அதிகம். ஊகிக்க வேண்டுமானால் முதலில் மொழி தெரிய வேண்டும். இங்கே காய்கறிக்காரர் கன்னடம், கல்லாப் பையன் அஸ்ஸாமிலிருந்து வந்தவன், மருந்துக் கடைக்காரர் தெலுங்கு, பக்கத்தில் வரிசையில் நிற்பவர் நம் கிருஷ்ணகிரிக்காரர். கன்னடத்துக்குக் காதைத் தீட்டி நின்றால் இந்தி வந்து விழும். மொழியைக் கண்டுபிடித்து முடிக்கும்போது வாக்கியம் போய்விட்டிருக்கும். நீங்களே முந்திக்கொண்டு உங்களுக்குச் சௌகரியமான மொழியில் பேச்சைத் தொடங்குங்கள். பெரும்பாலும் பதிலும் அதே மொழியில் வரும். பொம்மசந்திராவில் மூன்று மொழி தெரியாத கடைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை.

கே: யு.பி.ஐ. ஸ்பீக்கர் பெட்டி "இஷ்டு ரூபாயி பந்திதே" என்று அலறும்போது ஊசியால் குத்தின மாதிரி காதுக்குள் வலிக்கிறது. என்னோடு வருகிறவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. டாக்டர் பரிசோதித்து, "நல்லாத்தானே கேக்குது" என்று அனுப்பிவிட்டார்.
— ஆசிரியை, சந்தாபுரா

ப: நன்றாகக் கேட்பதும் உண்மை, வலிப்பதும் உண்மை. ஹைப்பரக்யூசிஸ் என்ற நிலை இது. மற்றவர்களுக்குச் சாதாரணமான ஒலி சிலருக்குத் தாங்க முடியாததாகிவிடும். தலையில் அடி, பெருஞ்சத்தம், முகவாதம் இப்படிக் காரணங்கள் பல. முகவாதம் எப்படி என்று கேட்பீர்கள். நடுக்காதில் ஒரு குட்டித் தசை இருக்கிறது. பெரிய சத்தம் வந்தால் அது இறுகி, சிற்றெலும்பின் அசைவைக் குறைத்துக் காதைக் காக்கும். அதற்குப் போகும் நரம்பும் முகத்தின் நரம்பும் ஒன்றுதான். பலருக்குக் காரணமே தெரியாது. மூளை தன் உள்ளே இருக்கும் ஒலித்திருகை மேலே தூக்கி வைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு மெல்லிய சத்தம் வரை கேட்கிறது என்பதைத்தான் சாதாரணப் பரிசோதனை அளக்கும். எவ்வளவு பெரிய சத்தம் வரை தாங்கும் என்பது தனி அளவு. அதைக் கேட்டு வாங்குங்கள். மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு செவிப்புலன் நிறுவனம் இருக்கிறது. பெங்களூரிலேயே டாக்டர் எஸ்.ஆர்.சந்திரசேகர் பேச்சு செவிப்புலன் நிறுவனமும் இருக்கிறது.

கடைக்காரர் மேல் கோபம் வேண்டாம். கை முழுக்க மாவும் எண்ணெயுமாக நிற்பவர் போனை எடுத்துப் பார்க்க முடியாது. காசு வந்ததா என்பதை அவருக்குச் சொல்ல அந்தப் பெட்டியை விட்டால் வழியில்லை. ஸ்கேன் செய்யும் முன்பே, "அண்ணா, ஒரு நிமிஷம் வால்யூம் குறைங்க, காது வலிக்கும்" என்று கேளுங்கள். பெட்டியிலேயே அதற்குப் பொத்தான் உண்டு. நான் பார்த்த வரையில் மறுத்தவர் யாருமில்லை. மாதம் நாலு முறை போகும் கடை என்றால் மூன்றாம் முறை உங்களைப் பார்த்ததுமே குறைத்துவிடுவார். கேட்கத் தெம்பில்லாத நாளுக்கென்று கையில் சில்லறை இருக்கட்டும்.

கே: அதே பிரச்சினைதான் எனக்கும். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே இரண்டு காதிலும் இயர் ப்ளக் வைத்துக்கொள்கிறேன். வீட்டுக்குள்ளும் எடுப்பதில்லை. சரிதானே?
— மென்பொருள் பொறியாளர், ஓசூர்

ப: கடைக்குள் வைப்பது சரி. வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள், இன்றைக்கே. ஒலி வராவிட்டால் மூளை இன்னும் கூர்மையாகத் தேட ஆரம்பித்துவிடும். 2003-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமான காது உள்ளவர்களையே இரண்டு வாரம் இயர் ப்ளக்கோடு இருக்கச் செய்தார்கள். ஒலி தாங்கும் அளவு அவர்களுக்குக் குறைந்துவிட்டது. மெல்லிய இரைச்சலைத் தொடர்ந்து காதில் கேட்கவிட்டவர்களுக்கோ தாங்கும் அளவு கூடியது. இருட்டறையிலிருந்து வெளியே வந்தவனுக்குச் சாதாரண வெயிலும் கூசும், அதே கதை. பாத்திரக் கடைக்குள் நுழையும்போது மாட்டுங்கள், வெளியே வந்ததும் கழற்றுங்கள். மற்ற நேரத்தில் ஃபேன் சத்தம், மழைச் சத்தம் மாதிரி மெல்லிய ஒலி சூழ இருங்கள். மிச்சத்தைச் செவிப்புலன் நிபுணர் படிப்படியாகச் சொல்லித்தருவார்.

கே: பாத்திரக் கடை என்றதும் நினைவு வந்தது. எவர்சில்வர் தட்டு கீழே விழுகிற சத்தம் ஏன் அப்படிக் கொல்கிறது?
— வாசகி, அத்திப்பள்ளி

ப: முன்னறிவிப்பு இல்லாமல் வரும், உச்ச ஒலியோடு வரும், கிணுகிணுத்து நீளும். மூன்றும் சேர்ந்தால் நல்ல காதே துள்ளும். காது மந்தமானவர்களுக்கு இன்னும் கொடுமை. அவர்களுக்குச் சின்ன ஒலி கேட்காது, பெரிய ஒலி மட்டும் முழு வேகத்தோடு வந்து விழும். இரண்டுக்கும் நடுவே படிக்கட்டே இருக்காது. "மெதுவா பேசினா 'என்ன?'ங்கறீங்க, சத்தமா பேசினா 'ஏன் கத்தறே?'ங்கறீங்க" என்று பெரியவர்களைக் கடிந்துகொள்ளும் பிள்ளைகள் இந்தப் பதிலை இரண்டு முறை படியுங்கள்.

கே: ஏழு வயது மகளை மாலுக்குக் கூட்டிப்போனால் கழிப்பறைக்கு வரமாட்டேன் என்று அழுகிறாள். கை உலர்த்தும் மெஷின் சத்தம் பயமாம். பிடிவாதம் என்று அடித்துக்கூட விட்டேன்.
— தாய், சிங்கசந்திரா

ப: உங்கள் மகள் சொல்வதை ஆராய்ச்சியாகவே செய்து காட்டிய ஒரு சிறுமி இருக்கிறாள். கனடாவின் நோரா கீகன். கை உலர்த்தி குழந்தைகளின் காதைத் துன்புறுத்துகிறதா என்று ஒன்பது வயதில் அளக்கத் தொடங்கினாள். வெவ்வேறு உயரத்தில், வெவ்வேறு தூரத்தில் கருவியை வைத்து அளந்தாள். 2019-இல், தன் பதின்மூன்றாம் வயதில், அதைக் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டாள். பெரியவர்கள் நிற்கும் உயரத்துக்கு ஏற்ப இயந்திரத்தை அளந்து வைக்கிறோம். குழந்தையின் காது காற்று வெளிவரும் இடத்துக்கு எவ்வளவு பக்கம் என்று யாரும் பார்ப்பதில்லை.

பையில் ஒரு கைத்துண்டு வையுங்கள். யாரும் மெஷின் கீழே கை நீட்டாத நேரமாகப் பார்த்து உள்ளே கூட்டிப்போங்கள். பெரிய காதுமூடி ஹெட்ஃபோன் ஒன்று வாங்கி, போடுவதும் எடுப்பதும் அவள் இஷ்டம் என்று விட்டுவிடுங்கள். அடித்ததற்கு அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். ஏழு வயதுக் குழந்தைக்கு அது புரியும்.

கே: சூப்பர் மார்க்கெட்டில் இரண்டு பக்கமும் ரேக் இருக்கிற சந்துக்குள் நடந்தால் தலை சுற்றுகிறது. மெனியர் நோய் என்று சொல்லியிருக்கிறார்கள். கடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?
— வாசகர், பொம்மனஹள்ளி

ப: உள்காதுக்கு இரண்டு வேலை: கேட்பது, நிலை தடுமாறாமல் நிறுத்துவது. தலைசுற்றலுக்கு மூலம் உள்காதிலும் இருக்கலாம் என்று பிரெஞ்சு மருத்துவர் பிராஸ்பர் மெனியர் 1861-இல் எடுத்துச் சொன்னார். அதனால்தான் நோய்க்கு அவர் பெயர். காது நிலைகாட்டத் தவறும்போது மூளை கண்ணைப் பிடித்துக்கொள்கிறது. சந்தில் நடக்கும்போது இரு பக்கமும் டப்பா டப்பாவாக ஓடுகிறது, தரை பளபளக்கிறது, எதிரே டிராலி வருகிறது. கண் சொல்லும் கணக்கும் குழம்பிவிடுகிறது. மருத்துவர்கள் நன்கு அறிந்த சிக்கல்தான் இது.

சின்னக் கூடை போதுமென்றாலும் டிராலியே எடுங்கள், கைப்பிடி உங்களுக்குத் துணை. நடந்துகொண்டே ரேக்கைப் பார்க்க வேண்டாம். நின்று, பார்த்து, எடுத்து, பிறகு நடங்கள். கீழ்த்தட்டுப் பொருளுக்குக் குனியாமல் ஆளைக் கூப்பிடுங்கள். குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று யாராவது நினைப்பார்களோ என்ற பயம் உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் இருந்தது. வெட்கப்பட வேண்டியவர்கள் அப்படி நினைப்பவர்கள்தான்.

கே: திடீரென்று ஒரு நாள் காலை ஒரு காது அடைத்துக்கொண்டது. சளியாக இருக்குமா, அழுக்கா? நாலு நாள் பொறுத்துப் பார்க்கலாமா?
— பெயர் வேண்டாம், சந்தாபுரா

ப: பொறுக்காதீர்கள். இந்த இதழ் கைக்கு வந்த அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். எனக்கு இப்படித்தான் தொடங்கியது. ஒரு காலையில் எழுந்தேன், வலப்பக்கம் உலகம் இல்லை. அழுக்கு என்று நினைத்து நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றினேன், ஆவி பிடித்தேன். பக்கத்து வீட்டு அக்கா சொன்னதையெல்லாம் செய்தேன். பன்னிரண்டு நாள் ஓடிவிட்டது. மூன்று நாளுக்குள் வந்து இறங்கும் இந்தத் திடீர்க் கேளாமை அவசர சிகிச்சைக்கு உரியது. ஸ்டீராய்டு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு வாய்ப்பு. இரண்டு வாரம் தாண்டினால் நம்பிக்கை வெகுவாகக் குறையும். உங்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் கையில் இருக்கிறது. மிச்சக் கேள்விகளை அப்புறம் படிக்கலாம்.

கே: ஒரு காது முழுச் செவிடு. ஊனமுற்றோர் அட்டை கிடைக்குமா? காட்டினால் கடையில் நம்புவார்களே.
— கல்லூரி மாணவர், எலக்ட்ரானிக் சிட்டி

ப: 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. அதில் "கேட்கும் திறன் குறைந்தவர்" என்றால் பேச்சு அதிர்வெண்களில் இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபெல் வரை இழப்பு இருக்க வேண்டும். "காது கேளாதவர்" என்றால் இரண்டு காதிலும் 70. ஒரு காது போனவருக்கு அங்கே இடமில்லை. காதிரைச்சலுக்கும் ஒலி வலிக்கும் பெயர்கூட இல்லை. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. ஒரு காதைக் கொண்டு இரைச்சலிலிருந்து பேச்சைப் பிரிப்பது மிகக் கடினம். கூட்டத்தின் நடுவே ஒரு குரலை மட்டும் எப்படித் தொடர்கிறோம் என்ற புதிரை 1953-இல் காலின் செர்ரி ஆராய்ச்சிக்கு எடுத்தார். அதன் பிறகு இத்தனை காலம் கழித்தும், இரண்டு காது எதற்கு என்பது சட்டத்தின் அளவுகோலுக்கு எட்டவில்லை.

அட்டை இல்லாமலும் அடையாளம் சொல்ல வழி உண்டு. பச்சைப் பட்டையில் சூரியகாந்திப் பூ போட்ட கழுத்துப்பட்டையைப் பாருங்கள். "என் குறை கண்ணுக்குத் தெரியாது, கொஞ்சம் நேரம் கொடுங்கள்" என்பது அதன் பொருள். 2016-இல் லண்டன் காட்விக் விமான நிலையத்தில் தொடங்கியது, நம் கெம்பேகௌடா விமான நிலையத்திலும் இருக்கிறது. நம் கடைத்தெருவுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. அதுவரை ஒரு சிட்டையில் கன்னடத்தில் இரண்டு வரி எழுதி போன் கவருக்குப் பின்னால் செருகிக்கொள்ளுங்கள்.

கே: எதற்கு இந்தப் பாடு? எல்லாவற்றையும் ஆப்பில் வாங்கிவிட்டால் போச்சு.
— வாசகர், ஓசூர்

ப: டெலிவரி பையன் கேட்டுக்கு வெளியே நின்று போன் செய்வார், "மேடம், லொகேஷன் எல்லி?" என்று. முகமும் உதடும் தெரியாத போன்தான் கேளாதவருக்கு மிகக் கடினமான கடை. "அழைக்க வேண்டாம், மெசேஜ் அனுப்பவும்" என்று குறிப்பில் எழுதிவைத்தால் சமாளிக்கலாம். முடியாத நாளில் வரவழையுங்கள், குற்றமில்லை. ஆனால் முழுக்க வீட்டுக்குள் ஒதுங்கிவிடாதீர்கள். நான் இரண்டு வருடம் அப்படி இருந்து பார்த்தேன். கறிவேப்பிலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்து வாங்குவதும், "என்னக்கா, நாலு நாளா ஆளைக் காணோம்" என்று பூக்காரம்மா கேட்பதும் ஆப்பில் வராது.

கே: எந்த நேரத்தில் போனால் நல்லது?
— வாசகி, பொம்மசந்திரா

ப: கடை திறந்த முதல் ஒரு மணி நேரம், வார நாளில். கம்பெனிகளில் ஷிப்ட் விடும் நேரமும் சம்பள வாரத்து ஞாயிறு மாலையும் வேண்டவே வேண்டாம். தூரத்துக் கடைகளுக்கு 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தட மெட்ரோவில் போகிறேன், ஆர்.வி. ரோடு வரை. சாலை ஹாரனில் பாதிச் சக்தியைத் தொலைத்துவிட்டுக் கடைக்குள் நுழைவது நின்றுவிட்டது. கேட்பதற்கு நம்மைப் போன்றவர்கள் உழைக்க வேண்டியிருக்கிறது. அதனால் எல்லாக் கடையையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். களைத்த மூளைக்கு நல்ல காதும் உதவாது.

கே: காதில் எப்போதும் வண்டு ரீங்காரம். கடைக்குப் போய்வந்த இரவெல்லாம் அது இரண்டு மடங்கு. போவதை நிறுத்தவா?
— வாசகர், ஹொங்கசந்திரா

ப: நிறுத்த வேண்டாம், திரும்பி வந்ததும் முழு அமைதியில் போய்ப் படுப்பதை நிறுத்துங்கள். சத்தக் காட்டிலிருந்து நிசப்தத்துக்குள் குதித்தால் வண்டு ஒன்றுதான் மிஞ்சும். மெல்லிய பாட்டோ ஃபேனோ இருக்கட்டும். ஒரே காதில் மட்டும் ரீங்காரம் என்றாலோ, நாடியோடு சேர்ந்து துடித்தாலோ மருத்துவரைப் பாருங்கள். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

கே: ஃபுட் கோர்ட்டில் பக்கத்து மேஜைக்காரர் மெல்லும் சத்தம் கேட்டால் என் தம்பிக்குக் கோபம் தலைக்கேறுகிறது. இதுவும் காது நோயா?
— வாசகி, கூட்லு கேட்

ப: காது நலமாகவே இருக்கும். மெல்லுதல், உறிஞ்சுதல் போன்ற குறிப்பிட்ட ஒலிகள் சிலருக்கு அடக்க முடியாத கோபத்தையும் அருவருப்பையும் கிளப்பும். 2001 முதல் இதை மிசோஃபோனியா என்கிறார்கள். தம்பி திமிர் பிடித்தவரல்ல. சுவரோர மேஜை, காதில் பாட்டு, பேசித் தீர்க்க ஒரு மனநல ஆலோசகர்.

கே: நான் துணிக்கடை வைத்திருக்கிறேன். பாட்டும் மைக்கும் இல்லாவிட்டால் கடை செத்த மாதிரி இருக்கும், கூட்டம் வராது. உங்களுக்காக வியாபாரத்தை விட முடியுமா?
— கடை உரிமையாளர், சந்தாபுரா

ப: வெளிப்படையாகக் கேட்டதற்கு நன்றி. வியாபாரக் கணக்கிலேயே பேசுவோம். 1966-இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் சூப்பர் மார்க்கெட்டில் பாட்டைச் சத்தமாகவும் மெதுவாகவும் வைத்துப் பார்த்தார்கள். சத்தமாக வைத்தபோது மக்கள் கடைக்குள் இருந்த நேரம் குறைந்தது. மொத்த விற்பனையில் சொல்லும்படி வித்தியாசமில்லை. 1982-இல் ரொனால்ட் மில்லிமன் பாட்டின் வேகத்தை மாற்றிப் பார்த்தார். நிதானமான பாட்டு ஓடியபோது, வேகப் பாட்டு ஓடிய நாட்களை விட விற்பனை 38 சதவீதம் அதிகம். துணிக்கடைக்கு வேண்டியது வாடிக்கையாளர் நின்று, விரித்து, தடவிப் பார்ப்பது. அதற்கு நிதானம்தான் உதவும்.

இன்னொன்று. 1911-இல் எத்தியன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதியது: சுற்றி இரைச்சல் கூடினால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான். நீங்கள் பாட்டைக் கூட்டினால் உங்கள் விற்பனைப் பெண்கள் கத்துவார்கள், அவர்கள் கத்தினால் வாடிக்கையாளர் கத்துவார். ராத்திரி அந்தப் பெண்கள் கட்டிய தொண்டையோடு வீட்டுக்குப் போவார்கள். வாசலில் தெருவைப் பார்த்து வைத்த ஒலிபெருக்கிக்கு 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி எழுத்து மூலம் அனுமதி வேண்டும். வணிகப் பகுதியில் பகல் நேர வரம்பு 65 டெசிபெல்.

வெளிநாட்டில் பெரிய கடைகளே இறங்கி வந்திருக்கின்றன. பிரிட்டனின் மாரிசன்ஸ் 2018-இல் சனிக்கிழமை காலை ஒரு மணி நேரத்தை அமைதி நேரமாக அறிவித்தது. பாட்டு இல்லை, அறிவிப்பு இல்லை, ஸ்கேனர் பீப்பும் குறைவு. வால்மார்ட் 2023 நவம்பர் முதல் அமெரிக்கக் கடைகளில் தினமும் காலை 8 முதல் 10 வரை விளக்கையும் ஒலியையும் தணித்து வைக்கிறது. நீங்கள் வாரத்தில் ஒரு காலை, ஒரு மணி நேரம் செய்து பாருங்கள். வாசலில் எழுதிப் போடுங்கள். முதல் ஆளாக நான் வருகிறேன், தீபாவளிப் புடவை அங்கேதான்.

கே: லட்ச ரூபாய் ஹியரிங் எய்டு. கடையில் டிராலிச் சத்தத்தைத்தான் பெரிதாக்குகிறது. அப்பா கழற்றிப் பையில் போட்டுவிடுகிறார்.
— மகள், ஹெப்பகோடி

ப: கருவியை அமைத்துத் தந்தவரிடம் திரும்பப் போங்கள். "கேக்கல" என்று பொதுவாகச் சொன்னால் அவர் ஒலியைக் கூட்டித்தான் அனுப்புவார். "கல்லாவில் நிற்கும்போது பின்னால் வரும் சத்தம் முன்னால் இருப்பவர் பேச்சை விழுங்குகிறது" என்று சொல்லுங்கள். முன்பக்க ஒலியை மட்டும் குறிவைக்கும் அமைப்பு பல கருவிகளில் உண்டு, அதைத் தனி நிரலாகப் போட்டுத் தருவார். சும்மா இருக்கும் கடையில் பத்து நிமிடம், அடுத்த வாரம் இருபது என்று அப்பாவைப் பழக்குங்கள். கூடவே போங்கள், ஆனால் அவருக்கு வரும் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள்.

கே: "செவிட்டு முண்டம்" என்று ஒருவர் வரிசையில் திட்டினார். என்ன பதில் சொல்லலாம்?
— வாசகி, பொம்மசந்திரா

ப: "ஆமா, காது கேக்காது. அதனாலதான் முகத்தைப் பார்த்துப் பேசுங்கன்னு சொல்றேன்." குரலை உயர்த்தாமல், கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். வரிசை உங்கள் பக்கம் வந்துவிடும். என் அனுபவம் இது.

கே: நான் வேப்பனஹள்ளிப் பக்கம். பொம்மசந்திராவில் ஒரு கடையில் பில் போடுகிறேன், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம் ஆகிறது. வருகிறவர்களுக்குக் காதில் பிரச்சினை இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்தால் நான் என்ன பண்ண வேண்டும் அம்மா?
— கேஷியர்

ப: கண்ணா, இத்தனை கடிதத்தில் உன்னுடையதைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். கவனி: உன் கண்ணைப் பார்க்காமல் உதட்டைப் பார்ப்பார்கள். தலையை ஒரு பக்கம் திருப்புவார்கள். நீ "கவர் வேணுமா?" என்றால் போன் நம்பர் சொல்வார்கள். அல்லது கேள்வி முடியும் முன்பே "ம்" என்று அவசரமாகத் தலையாட்டுவார்கள். நான் அந்தக் கடைசி வகை.

கத்தாதே. கத்தினால் உதடு கோணும், வார்த்தை இன்னும் சிதையும். மாஸ்க் இருந்தால் ஒரு நிமிடம் கீழே இறக்கு. ஸ்கேன் செய்துகொண்டே பேசாமல், கை வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பேசு. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல். "கவர் வேணுமா?" புரியாவிட்டால் கவரை எடுத்துக் காட்டு. தொகை தெரியும் திரையை அவர்கள் பக்கம் திருப்பு. பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்தினால், "ஒரு நிமிஷம் சார்" என்று நீயே சொல்லிவிடு. அதை நாங்கள் சொல்வதைவிட நீ சொன்னால் எடுபடும்.

அப்படியும் விளங்காவிட்டால் பழைய பில் ஒன்றைத் திருப்பிப் போட்டு, பேனாவால் பெரிதாக எழுதிக் காட்டு: 80.